லொறிக்கார வேலாயுதமும் என் பங்கு மரையும்

ஹட்டன் பஸ் நிலையத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்றுகொண்டிருந்தேன். லிந்துலையிலிருந்து வந்த பஸ்ஸின் கொண்டக்டர் இறங்கி என்னிடம் வந்தார். “வாத்தியாரே, லொறிக்கார வேலாயுதண்ணன் நேத்து சாயங்காலம் தவறிட்டாருங்க. உங்ககிட்ட சொல்லிவிடச் சொன்னாங்க” என்றார்.  ஆறுதல் சொல்வதாக நினைத்து அவர் இன்னொன்றும் சொன்னார்: “அன்னிக்கு அவரு குடுத்த மரைமான் இறைச்சிய நானும் தின்னிருக்கேங்க.”

உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கண்ணீருக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது என் தங்கையின் பரிசத்துக்கு வைத்திருந்த இறைச்சி.

வேலாயுதம் அண்ணன் லொறி ஓட்டினார் என்று சொல்வதைவிட, நிறுத்தினார் என்று சொல்வதுதான் பொருத்தம். வழியில் யார் நடந்து போனாலும் அவருடைய கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். ஒருமுறை தலவாக்கலையில் ரயிலைப் பிடிக்க அவரோடு போனேன். ஏழு இடத்தில் நிறுத்தி ஆள் ஏற்றினார். ரயில் போய்விட்டது. நான் கத்தியபோது, “ரயிலு நாளைக்கும் வரும் வாத்தியாரே, அந்தக் கெழவி இன்னைக்குத்தானே நடக்குது” என்றார். அவரோடு பழகிய உங்களிடமும் இப்படி ஒரு கதையாவது இல்லாமலிருக்காது.

மரை விஷயத்துக்கு வருகிறேன். தங்கையைப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் மஸ்கெலியாவிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் கறாரானவர் என்று கேள்விப்பட்டு, மரைக்கறி போடுகிறோம் என்று நானே வாய்விட்டுவிட்டேன். அக்கரப்பத்தனைக்கு மேலே காட்டோரம் தோட்டம் வைத்திருந்த பண்டா எங்கள் நண்பர். அவருடைய கோவாப் பாத்திகளில் ஒரு முட்டைக்கோசு மிஞ்சாமல் மரை மேய்ந்து நாசமாக்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியும் அவரிடம் இருந்தது, அண்ணன் ஓட்டிய மரக்கறி லொறியும் அவருடையதுதான். பரிசத்துக்கு முதல் நாள் விடியும்போதே நானும் என் மச்சானும் வேலாயுதம் அண்ணனும் அங்கே போய்ச் சேர்ந்தோம். சோறாக்கிப் போட அண்ணனின் மனைவி செல்லம்மா அக்காவும் வந்தார்.

நாய்கள் விரட்டிய மரை ஓடைக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் திரும்பி நின்றது. பண்டா ஒரே வெடியில் சாய்த்தார். தண்ணீரிலிருந்து அதை இழுத்துப் போடுவதற்குள் எங்கள் எல்லோருக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது. பண்டா தன் வீட்டுக்கு ஒரு தொடையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சமெல்லாம் தங்கச்சிக்கு என்றார். அவரல்லவா மனிதர்!

இறைச்சியை லொறியில் ஏற்றிக் கோவாச் சாக்கால் மூடினேன். கொம்பை மட்டும் எந்தச் சாக்காலும் மூட முடியவில்லை. முதல் வளைவிலேயே பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் கொம்பைப் பார்த்துவிட்டார்கள். லொறி நின்றது.

“பாத்துட்டாங்க வாத்தியாரே. கண்ணால பாத்தவுங்களுக்குக் குடுக்காமப் போனா, அந்தக் கறி நம்ம வாயில எறங்காதுங்க.” இதுதான் வேலாயுதம் அண்ணனின் வேட்டைச் சட்டம். கத்தி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

அடுத்த வளைவில் இரண்டு லயத்து வரிசை வீட்டுச் சனம். அதற்கடுத்து, எந்தச் சாமி செய்த சதியோ, பழுதாகி நின்ற ஒரு பஸ். ஆட்கள் எல்லோரும் இறங்கி ரோட்டில் நின்றார்கள். நான் கெஞ்சினேன். நாளைக்கு என் மானம் போகும் என்றேன். செல்லம்மா அக்காவும் திட்டினார். அண்ணன் ஒவ்வொருவருக்கும், வாழையிலை கிடைக்கவில்லை என்று, என் மாற்று வேட்டியைக் கிழித்துப் பொட்டலம் கட்டினார். வீடு வந்து சேர்ந்தது கழுத்து இறைச்சித் துண்டு ஒன்றும் கொம்பும்தான். கொம்பைத் தூக்கி என்னிடம் கொடுத்து, “இது ஒங்க பங்கு. இத யாராலயும் வெட்டிக் குடுக்க முடியாது” என்றார்.

மறுநாள் பூசணிக்காய்க் கறி. மாப்பிள்ளையின் அப்பா மரை எங்கே என்று கேட்டார். பந்தியில் இருந்த அண்ணன் எழுந்து, தான்தான் கொடுத்துவிட்டதாகவும், கோபமென்றால் தன் மேல் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்டு எழுந்தார். பரிசத் தட்டு மாற்றாமலே போய்விட்டார். சம்மதம் என்று ஆள் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணம் நடந்தது. அது அண்ணனின் புண்ணியத்தால் நடந்தது என்று அவளே இப்போது சொல்கிறாள். நான் சொல்லமாட்டேன்.

சாவு வீட்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த மரைக் கதையை என்னிடமே சொல்லி அழுதார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது.

கருமாதி முடிந்து அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தாள். சுவரில் என் குடை தொங்கிய கொம்பைப் பார்த்து, “அன்னிக்கு அப்பா லொறியில வந்த கொம்புங்களா மாமா?” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டாள்.

மரம் அறுக்கும் வாளை எடுத்து, இரண்டு கொம்பையும் இணைத்த எலும்பை நடுவில் அறுத்து, ஒரு கொம்பை அவளிடம் கொடுத்தேன். யாராலும் பங்கு போட முடியாது என்று அவர் சொன்னது பொய். இப்போது என்னிடம் இருப்பது ஒற்றைக் கொம்பு. இறந்த பிறகும் என் பங்கில் கை வைத்துவிட்டார், அந்த மனிதர்.