தேனம்மை நிரப்பாத படிவம்

காரைக்குடி செக்காலை சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறது தேனம்மையின் அலுவலகம். அவள் ஆடிட்டர் இல்லை. வருகிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவாள். அஞ்சல் வழியில் பி.காம்., ஓர் ஆடிட்டரிடம் பதினொரு வருடம் குமாஸ்தா வேலை, அப்புறம் சொந்தமாக ஒரு மேசையும் கம்ப்யூட்டரும். ஆனாலும் ஜி.எஸ்.டி. என்றாலே பயப்படுகிற கடைக்காரர்கள் அறுபது பேர், பில்லுப் பையை அந்த மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் அவள் சம்பாதித்தது அதுதான்.

அந்த அறுபது பேரில் ஒருவன் கீழச்சிவல்பட்டி அரசப்பன். தச்சுவேலைக் குடும்பம். அவன் உளி பிடிப்பதில்லை. கதவு, அலமாரிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அந்த ஃபைல்களை அமெரிக்காக்காரர்களுக்கு விற்கிறான். அங்கே மெஷின் அதன்படி மரத்தைக் குடைந்துகொள்கிறது. பணம் வாங்கத் தோதாக இருக்கும் என்று 2023இல் அமெரிக்காவில் வயோமிங் என்ற மாநிலத்தில் அவன் பெயரில் எல்.எல்.சி. என்கிற சின்னக் கம்பெனி ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தவள் தேனம்மைதான். அவன் ஒருவன்தான் முதலாளி, அவனேதான் வேலையாள். வேலையெல்லாம் கீழச்சிவல்பட்டியில் நடப்பதால் அமெரிக்காவில் வருமான வரி இல்லை என்று விசாரித்துச் சொன்னாள். அது சரி. இங்கே கட்ட வேண்டிய வரியைக் காசு குறையாமல் கட்ட வைத்தாள். அதுவும் சரி. வரி இல்லையென்றால் படிவமும் இருக்காது என்று தானாக முடிவு கட்டினாளே, அங்கேதான் சறுக்கியது.

2025 ஆகஸ்டில் ஒரு மத்தியானம், தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே, கணக்கு எழுதுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு குறிப்பை வாசித்தாள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மட்டுமே சொந்தக்காரராக இருக்கும் எல்.எல்.சி.க்கும் அவருக்கும் இடையே பணம் போய் வந்திருந்தால், வரி இல்லாவிட்டாலும், அந்த வருடத்துக்கு 5472 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வருடத்துக்கு இருபத்தைந்தாயிரம் டாலர் அபராதம்.

சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு அமெரிக்க வரித்துறையின் விதிகளைத் திறந்தாள். வருமான வரிக்கு முதலாளியும் கம்பெனியும் ஒன்றுதான். இந்தப் படிவத்துக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. தொடங்கும்போது அரசப்பன் போட்ட ஐந்நூறு டாலரையும் அவன் எடுத்த ஒவ்வொரு டாலரையும் காட்டியிருக்க வேண்டும். தேனம்மைக்கு முகம் சுட்டது. கல்யாணமான ஆறாம் மாதமே அவளையும் புருஷனையும், ஊர் வழக்கப்படி, மாமியார் வீட்டுக்குள்ளேயே தனிக்கணக்காக வேறு வைத்தார்கள். கூரை ஒன்று, அடுப்பு இரண்டு. மாமியார் அடுப்படியிலிருந்து அரைப்படி எண்ணெய் வாங்கினாலும் நோட்டில் ஏறும். இருபத்து நான்கு வருடம் அப்படிக் குடித்தனம் செய்தவளுக்கு இந்த விதி விளங்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அதை அவள் படிக்கவே இல்லை. தன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

இரண்டு வருடத்துக்கு ஐம்பதாயிரம் டாலர். நாற்பது லட்சத்துக்கு மேல். அரசப்பன் கட்டுகிற புது வீட்டுக்கு ஜன்னல் வைக்கக் காசில்லாமல் வேலை நிற்கிறது.

வீட்டில் புருஷன் மெய்யநாதனிடம் சொன்னாள்.

"லெட்டர் எதுவும் வந்துச்சா?"

"வரல."

"அப்பறம் நீயாப் போய் எதுக்குச் சொல்ற? ஊருக்குள்ள ஒம் பேரு என்னாகும்னு நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்த்தாள். மூன்று நாள் அதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. ஆனால் விதியில் இன்னொன்றும் இருந்தது. வரித்துறை கண்டுபிடிக்கும் முன்னால் நாமே படிவத்தைக் கொடுத்து, தாமதத்துக்கு நியாயமான காரணத்தை எழுதிக் கேட்டால், அபராதத்தை அவர்கள் விட்டுவிடலாம். விடாமலும் போகலாம். காரணம் எழுத வேண்டுமென்றால் இருக்கிற காரணம் ஒன்றே ஒன்று, அது தேனம்மை. நாலாம் நாள் காலையில் உட்கார்ந்து இரண்டு வருடப் படிவத்தையும் நிரப்பி, காரணத்தை ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷில் அடித்தாள். அடியில், எழுதியது உண்மை என்று அரசப்பனும் கையெழுத்துப் போட வேண்டும். தன் பெயரையும் விலாசத்தையும் போடும் இடத்தில் மட்டும் வெகுநேரம் கை ஓடவில்லை. இதைத் தபாலிலோ ஃபேக்ஸிலோதான் அனுப்ப வேண்டுமாம். ராக்கெட் விடுகிற தேசம், இன்னமும் ஃபேக்ஸைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

அன்றைக்கே அந்தக் காகிதத்தோடு பஸ் ஏறிக் கீழச்சிவல்பட்டிக்குப் போனாள். அரசப்பனுக்கு ஆச்சரியம்.

"என்ன ஆச்சி, நீங்களே வந்திருக்கீக? ஒரு போன் போட்டிருந்தா நான் அங்குட்டு வந்திருப்பேனே."

"தப்பு எம் மேல தம்பி. நாந்தான் வரணும்."

உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தொகையைச் சொன்னதும் அரசப்பன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டான்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது. நோட்டீஸ் வந்தாத்தான் தெரியும்."

"காயிதத்த எடுங்க. என்னமோ எழுதியிருக்கீகளே, தமிழ்ல சொல்லுங்க, கேப்போம்."

அவள் வரிவரியாகச் சொன்னாள். 'இந்தக் கம்பெனியைத் தொடங்கிக் கொடுத்தவள் நான். அமெரிக்காவில் கொடுக்க வேண்டிய படிவம் ஏதும் உண்டா என்று உரிமையாளர் என்னிடம் கேட்டார். இல்லை என்று தவறாகச் சொன்னேன்.'

"நிறுத்துங்க ஆச்சி. நான் எப்பக் கேட்டேன்?"

தேனம்மை நிமிர்ந்தாள். எல்லாரும் கேட்கிற கேள்விதானே, அவனும் கேட்டிருப்பான் என்று எழுதியிருந்தாள். யோசித்துப் பார்த்தால், அவன் கேட்ட ஞாபகம் இல்லை.

"கேட்டதா இருந்தா ஒங்களுக்கு நல்லது தம்பி. நீங்க கவனமாத்தான் இருந்தீகன்னு ஆகும்."

"கேக்காதத கேட்டேன்னு எப்படி ஆச்சி கையெழுத்துப் போடுறது? எனக்குக் கேக்கவே தோணல. அதான் ஆச்சி இருக்காகளேன்னு இருந்துட்டேன்."

தேனம்மை பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். மேலே, 'அவர் கேட்கவில்லை. என்னை நம்பியிருந்தார்' என்று எழுதினாள். எழுதியதைத் தமிழில் சொல்லவும் செய்தாள். அரசப்பன் தலையாட்டிவிட்டு, தன் கையெழுத்தைப் போட்டான்.

"விட்டுருவாங்யளா?"

"தெரியாது தம்பி. பதில் வர மாசக்கணக்காகும். பொய்யா ஒரு நம்பிக்க குடுக்க மாட்டேன்."

அவன் வாசல்வரை கூட வந்தான். அவள் செருப்பை மாட்டும்வரை பொறுத்திருந்து கேட்டான்.

"அடுத்த படிவம் எப்ப ஆச்சி?"

"ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள." படியிறங்கப் போனவள் நின்றாள். "என்கிட்டயேவா தம்பி குடுக்கப் போறீக?"

"பின்ன யார்கிட்டக் குடுக்க? ஆனா இனிமே கேப்பேன் ஆச்சி. ஒவ்வொண்ணுக்கும் கேப்பேன்."

கோபத்தில் ஏசியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"கேளுங்க தம்பி" என்றாள்.