பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தேன். செயலாளருக்கு முக்கியமான வேலை ஜெபக்குறிப்பு எழுதுவது. யாருக்கு ஆபரேஷன், யார் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, யார் வீட்டில் சமாதானம் இல்லை என்று காதில் விழுவதையெல்லாம் தொகுத்து சனிக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். முன்பு அதற்கு ஒரு நோட்டு இருந்தது. பிறகு வாட்ஸ்அப் குழு வந்தது. வியாழக்கிழமையே அனுப்பிவிட்டால், கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் ஜெபித்துவிட்டே வருவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

டைப் செய்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் முப்பது வருஷம் சரக்குப் பத்திரங்கள் அடித்தவள். ஒரு எண் மாறினால் கன்டெய்னர் கேட்டைத் தாண்டாது. அந்தக் கவனம் ஜெபக்குறிப்பிலும் இருக்கும். சங்கடமான விஷயம் என்றால் பெயர் போடவே மாட்டேன், 'நம் சபையின் ஒரு சகோதரி' என்று ஆரம்பிப்பேன். பெயர் இல்லாவிட்டால் அது புறம்பேசுதல் ஆகாது என்பது எங்கள் சங்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அந்தச் சட்டத்துக்கு என்னைவிட நல்ல வக்கீல் கிடையாது. இப்போது எழுதும் இதிலும் யார் பெயரும் வராது. ஆனால் இந்த முறை யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவளைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள், திருவொற்றியூர்க்காரி. அம்மா வீட்டில் எல்லாரும் இந்துக்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்தவள். நாங்களோ தெற்கேயிருந்து வியாபாரத்துக்கு வந்த நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். அதை யாரிடமாவது ஒரு தடவை சொல்லாமல் எங்கள் வீட்டில் காபி இறங்காது.

ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு அவளுடையது. பெரிய பிள்ளைகள் என் பொறுப்பு. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. நோவா இன்னா பண்ணாரு தெரியுமா என்று அவள் அந்தப் பக்கம் ஆரம்பித்தால், என் வகுப்புப் பிள்ளைகளும் காதை அங்கே கொடுத்துவிடுவார்கள். பேழைக்கு எப்படித் தார் பூசினார், எந்தப் பலகை ஒழுகியது, உள்ளே நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்றெல்லாம் சொல்வாள். காசிமேட்டில் அப்பாவின் படகைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது போதாதா? விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வேதத்தை இந்தப் பாஷையிலா சொல்வது என்று கமிட்டியில் இரண்டு முறை முறையிட்டிருக்கிறேன். சுத்தத் தமிழில் எனக்கிருந்த அக்கறை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பியால் பிணைத்துக் கட்டும் வேலையில் இருந்தார். ஒருநாள் மேலிருந்து விழுந்துவிட்டார். தலையில் அடி, இடுப்பு எலும்பு முறிவு. ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். நான் தினமும் போனேன், அதைச் சொல்ல வேண்டும். ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோய், வராந்தாவில் அவளோடு உட்கார்ந்திருப்பேன்.

அவர் கண் விழித்து வார்டுக்கு மாறிய அன்று மத்தியானம் அவள் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து ஒன்று சொன்னாள். ஐந்தாம் நாள் டாக்டர்கள் கைவிட்ட மாதிரி பேசியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா கோயில் குங்குமம் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அதை வாங்கிக் கணவரின் தலைமுடிக்குள் தெரியாதபடி தடவியிருக்கிறாள். அதோடு நிற்காமல், மறுநாள் காலை அவளே அம்மன் சந்நிதியில் போய் நின்றிருக்கிறாள்.

"யாராவது காப்பாத்துங்கன்னு கேட்டேங்க்கா. யாரு எவுருன்னு பாக்கல. ஏசப்பா கோச்சிக்குவாரா?"

மாட்டார் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

அன்று புதன்கிழமை. மறுநாள் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து டைப் செய்தேன். நம் சபையில் பிள்ளைகளுக்கு வேதம் கற்றுத்தரும் ஒரு சகோதரி, கணவரின் சுகவீன நாட்களில் விசுவாசத்தில் தளர்ந்து, பழைய வழிகளை நாடியிருக்கிறார், அவர் திடப்பட ஜெபிப்போம். திரும்ப வாசித்தேன். 'விழுந்து' என்று முதலில் போட்டிருந்ததை 'தளர்ந்து' என்று மாற்றியது எனக்கு நினைவிருக்கிறது. மாற்றியபோது என் இரக்கத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஓய்வுநாள் பள்ளியில் ஆசிரியைகள் ஐந்து பேர். அதில் கணவர் ஆஸ்பத்திரியில் இருப்பது ஒருத்திக்குத்தான். பெயர் போடவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வகுப்புக்கு வந்தாள். இருபது பிள்ளைகள் இருக்கவேண்டிய பாயில் நான்கு பேர் இருந்தார்கள். மற்றவர்களை அம்மாமார் தட்டிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். என் வகுப்பில் பெஞ்சு போதவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள், யார் யார் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு அந்த நான்கு பேருக்குக் கதை சொல்லப் போனாள். அன்று அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை.

என்ன இருந்தாலும் வந்தவள்தானே, பழைய புத்தி போகுமா என்று வாசலிலேயே பேசினார்கள். அடுத்த வாரம் கமிட்டியார் இருவர் அவளைக் கூப்பிட்டு, வீட்டுக்காரருக்கு உடம்பு தேறும்வரை ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் குழுவில் அவள் வெளியேறினாள் என்று ஒரு வரி வந்தது. பிறகு சபைக்கும் அவள் வரவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒரு கிறிஸ்தவள் என்னவெல்லாம் செய்வாளோ அத்தனையும் செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். முழங்காலில் நின்று அழுதேன். என் நாவால் ஒரு ஆத்துமாவுக்குக் காயம் உண்டானது என்று போதகரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். கடவுள் மன்னித்ததோடு மறந்தும்விட்டார், நீங்களும் மறந்துவிடுங்கள் அம்மா என்றார். சொல்லிவைத்த மாதிரி மனசு லேசானது. அந்த மாதம் வெள்ளைச் சேலை உடுத்தித் திருவிருந்து எடுத்தேன். காணிக்கையை அப்படியே விட்டுவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற பகுதியை நான் சிறுவயதில் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஒப்பித்தவளுக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அவள் வீடு எத்தனை தூரம்? ஒருநாளும் நான் ஏறவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் பெண்களுக்கு ஒருநாள் தியானக் கூடுகை நடக்கும். அங்கே சாட்சி சொல்ல என்னைக் கேட்டார்கள். கர்த்தர் என் நாவை எப்படி அடக்கினார் என்று சொன்னேன். என்னை நம்பி ஒருத்தி சொன்னதை வெளியிட்டேன், அதற்காக உடைக்கப்பட்டேன், மீண்டும் கட்டப்பட்டேன் என்றெல்லாம் நன்றாகவே சொன்னேன். இடையில் குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவ்வளவு தாழ்மை யாருக்கு வரும் என்று சங்கத் தலைவி என்னைக் கட்டிக்கொண்டார்.

சாப்பாட்டு வேளையில், சபைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் பிரியாணித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அது அந்தத் திருவொற்றியூர் டீச்சர்தானே ஆன்ட்டி, கோயிலுக்குப் போனாங்களாமே என்று கேட்டாள். நான் பெயர் சொல்லவில்லையே என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டாள். அவளுக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது. பக்கத்திலிருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். என் பாவத்தைச் சொல்லி அழுகிறேன் என்று அதே பாவத்தை மைக் வைத்து இரண்டாம் முறை செய்திருக்கிறேன். தட்டைத் தள்ளிவைத்தேன். கை கழுவிவிட்டு நேரே மெட்ரோ ஏறினேன்.

அவள் வீடு கடற்கரைச் சாலையை ஒட்டிய சந்தில். எண்ணூர் போகும் லாரிகள் நீளமாக வரிசைகட்டி நின்றன. அவற்றின் இடுக்கில் நுழைந்து சந்துக்குள் போனேன். கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வாக்கர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் அடுப்படியிலிருந்து வந்து, வா அக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டீ வந்தது. அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் இவ சபைக்கு வர்றதில்ல சிஸ்டர். என்னைப் பாத்துக்கணும்னு வூட்லயே கெடக்கறா. புள்ளைங்கன்னா உசிரு இவளுக்கு. நான் சீக்கிரம் நடக்கணும்னு ஜெபம் பண்ணுங்க."

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் சொல்லவில்லை. அவருக்காக அவள் செய்ததற்குத்தான் வகுப்பைப் பிடுங்கினார்கள் என்று தெரிந்தால் அவர் என்ன ஆவார் என்று நினைத்திருக்கிறாள். நான் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும் உத்தேசத்தோடு வந்தவள். அங்கே வாயைத் திறந்தால் அவள் மறைத்து வைத்ததை மூன்றாம் முறையாக உடைத்தவள் ஆவேன். என் மன்னிப்புக்காக அவசரப்பட்டு அவள் வீட்டைக் கலைக்க எனக்கு என்ன உரிமை? வாழ்க்கையிலேயே முதல்முறையாக நாக்கை அடக்கிக்கொண்டேன். ஜெபிக்கவும் வரவில்லை, நீங்களே ஜெபியுங்க தம்பி என்றேன். அவர் கண்ணை மூடி, இப்படிப்பட்ட ஒரு சகோதரியை எங்களுக்குத் தந்தீரே என்று நன்றி சொல்லத் தொடங்கினார். என்னால் கண்ணை மூடவே முடியவில்லை. அவளும் மூடவில்லை.

அவள் வழியனுப்ப வருவதுபோல் கூட வந்தாள். சந்து முடியும் இடத்தில், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள். அங்கே நின்று சொன்னேன். அந்தக் குறிப்பு யாரோ சொல்லி எழுதியதில்லை, நீ என்னிடம் சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன்.

"தெர்யும்க்கா. உன்னாண்ட மட்டும்தான சொன்னேன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். ஏழு மாதமாகத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். உபவாசம் இருந்தது, போதகரிடம் சொன்னது, சாட்சி சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள்.

"கடவுளாண்ட சொல்ட்ட, பாஸ்டராண்ட சொல்ட்ட, ஊர்ல கீற பொம்பளைங்க எல்லார்கிட்டயும் அய்துட்ட. எங்கிட்டதான் கடசீல வந்துகீற." பிறகு, "இன்னாத்துக்குக்கா போட்ட?" என்று கேட்டாள்.

உனக்காக ஜெபிக்கத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. உன் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள், என் வகுப்பில் கொட்டாவி விடுவார்கள், எனக்குப் பொறாமை என்று சொன்னேன். அதை நான் கடவுளிடமும் சொல்லியிருக்கவில்லை, போதகரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சொன்ன பிறகு மனசு லேசாகவில்லை, வெட்கமாக இருந்தது.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்யச் சொன்னாள்.

"அதே சனிக்கெயம கூட்டத்துல எய்ந்து நில்லு. என்னிய இஸ்துகினு வராத. உன் பேர சொல்லு, நீ இன்னா பண்ணன்னு சொல்லு. ஜெபம் பண்ணுங்கன்னு மட்டும் கேக்காத."

சரி என்றேன். சபைக்கு வருவாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை எழுந்து நின்றேன். என் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். எல்லாருக்கும் தெரிந்த பெயரை ஏன் சொல்கிறாள் என்று பார்த்தார்கள். பதினோரு வருஷமாக ஜெபக்குறிப்பு என்று நான் அனுப்பியதில் பாதி கோள், ஒரு குறிப்பைப் பொறாமையால் எழுதினேன், அதைப் படித்துவிட்டு நாம் யாரும் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்றேன். இன்றோடு செயலாளர் பொறுப்பை விடுகிறேன் என்றேன். அழவில்லை. ஜெபிக்கக் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தியும் ஆமென் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்று உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தலைவி பாட்டு எண்ணைச் சொன்னார்.

திருவொற்றியூரில் அவள் பிறகு ஒருநாள் கணவரிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு நன்றி சொன்னாராம். சின்னப் பிள்ளைகளின் வகுப்பை இன்னும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கமிட்டியில் நான் கேட்கும்போதெல்லாம், பார்க்கலாம் அம்மா என்கிறார்கள்.

நான் எழுந்து நின்ற அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் குழுவில் ஒரு குறிப்பு வந்தது. நம் சபையின் ஒரு மூத்த சகோதரி, பல வருஷம் உண்மையாய் ஊழியம் செய்தவர், மனச்சோர்வினால் போராடிக்கொண்டிருக்கிறார், அவர் விடுதலைக்காக ஜெபிப்போம் என்று இருந்தது. நான் பழக்கிக் கொடுத்த அதே நடை. பெயர் போடவில்லை. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்துகொண்டிருந்தன.

அவற்றுக்குக் கீழே என் பெயரை டைப் செய்து அனுப்பினேன்.