ஃப்ளெக்ஸில் ஏறிய பாஸ்வேர்டு

மதுரை ஆனையூரில் எங்கள் தெருவுக்கு முதல் வயர்லெஸ் மோடம் என் வீட்டுக்குத்தான் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பின் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அதைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்தபோது ஒன்பது வீடுகள் அதில் குடியேறியிருந்தன. "என்னண்ணே, நெட் இம்புட்டு ஸ்லோவா இருக்கு?" என்று என்னையே அதட்டும் உரிமையும் அவர்களுக்கு வந்திருந்தது.

எட்டு வீட்டுக்கு அது பொழுதுபோக்கு. எதிர்வீட்டு மருமகளுக்கு மட்டும் பிழைப்பு. வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். மருமகள் வெளியே வேலைக்குப் போகக்கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம். அந்தப் பெண் தினமும் காலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். வகுப்பு மூன்று முறை அறுந்தால் வேலை போய்விடும். மாமியார் தெருவில் சொன்னதோ, "அது கம்ப்யூட்டர்ல வெளாண்டுக்கிட்டு இருக்கு."

ஒருநாள் நலச்சங்கச் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, ஓய்வுபெற்ற தகவல் அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

"சார், தொறந்து கெடக்குற வயர்லெஸ்ல எவனாவது மிரட்டல் மெயில் அனுப்புனா, போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்."

நான் வீரன்தான், போலீஸ் என்ற சொல் காதில் விழாதவரை. அன்றே என் ஸ்கூட்டர் நம்பரைப் பாஸ்வேர்டாக வைத்துப் பூட்டினேன். சாயங்காலத்துக்குள் ஒன்பது வீட்டுக்கும் அதைச் சொல்லியும்விட்டேன்.

அடுத்த வாரம் தெருக்கோயில் பொங்கல். மதுரைக்காரன் சந்தோஷம் வந்தால் ஃப்ளெக்ஸ் அடிப்பான். கோபம் வந்தாலும் அதையேதான் செய்வான். தெருமுனையில் பத்தடி உயரத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். 'தெருவுக்கே நெட் தந்த எங்கள் அண்ணே!' கீழே, மறந்துபோகிறவர்கள் வசதிக்காக, பாஸ்வேர்டு. என் முகத்தைவிடப் பெரிய எழுத்தில்.

ஃப்ளெக்ஸ் கட்டிய தெருப் பையனைப் பிடித்தேன். "என்ன மாப்ள, இப்பிடிப் பண்ணிட்டீங்க?"

"ஏண்ணே, போட்டோ சரியில்லையா?"

மறுநாள் காலை எதிர்வீட்டுப் பெண் என் வாசலில் நின்றாள். பக்கத்துத் தெரு முழுக்கச் சினிமாவை டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கியிருந்தது.

"அண்ணே, ரெண்டு தடவ அந்துருச்சு. இன்னொரு தடவ அந்துச்சுன்னா வேல அம்புட்டுத்தான்."

ஃப்ளெக்ஸைக் கிழித்தேன். பாஸ்வேர்டை மாற்றி, ஐந்திலிருந்து ஏழுவரை வேறு யாரும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு வீடு வீடாகச் சொன்னேன். அது செயலாளர் காதுக்கும் போனது. கையில் மனுவோடு வந்து, தெரு பார்க்கச் சத்தம் போட்டார்.

"இனிமே உங்க நெட் உங்க வீட்டுக்கு மட்டும்தான். இல்லைன்னா இது ஸ்டேஷனுக்குப் போகும்."

வழக்கம்போலப் பயந்தேன். ஆனால் எதிர்வாசலில் அவள் நிற்பது தெரிந்தது. "நிறுத்த மாட்டேன் சார். மனுவுல மொத ஆளா என் பேரப் போடுங்க" என்று யாரோ சொன்னார்கள். குரல் என்னுடையதாக இருந்தது.

"உங்க பேரு மட்டும் பத்தாது. யார் யார் யூஸ் பண்றாங்க, என்ன தொழில், எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். தைரியம் இருக்கா?"

காகிதத்தை என் ஸ்கூட்டர் சீட்டில் வைத்தார். கூரியருக்கே கையெழுத்துப் போட யோசிக்கிற தெரு இது. யாரும் அசையவில்லை.

அவள் தெருவைக் கடந்து வந்தாள். பின்னாலிருந்து மாமியார் அவர்கள் மொழியில் ஏதோ அதட்டினார். அவள் திரும்பவில்லை. பெயரை எழுதினாள். தொழில் என்ற இடத்தில், 'ஆசிரியை' என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

அதற்குப் பிறகு பேனாவுக்கு அடிதடி. "அண்ணே, கொத்தனாருன்னு போடவா, காண்ட்ராக்டருன்னு போடவா?"

அவள் காகிதத்தை வாங்கிச் செயலாளர் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய்க் குடுங்க சார். நாளைக்கு அஞ்சு மணிக்கு எனக்குக் கிளாஸ் இருக்கு. ஏழு மணிக்கு மேலன்னா நானும் ஸ்டேஷனுக்கு வாரேன்."