கிழிக்காத பூஜ்ய டிக்கெட்

இருபத்தேழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டருக்கு டெப்போவில் பேர் ‘ரைட்டு’. விசில் ஊதினால் போதும் என்று சட்டம் இருந்தாலும், ‘போலாம் ரைட்டேய்’ என்று தொண்டை கிழியக் கத்தாமல் அவருக்கு மனசு ஆறாது. ஒரு தடவை ஜலதோஷத்தில் அவர் குரல் கட்டிப்போக, டிரைவர் ஸ்டாப்பிலேயே வண்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று ஒரு கேலி உண்டு. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு பைசா கையாடியது கிடையாது, ஒரு பயணியை ஏசியது கிடையாது. அப்படிப்பட்ட மனுஷர்தான் தன் ரூட்டுக்குத் தானே குழி பறித்தார். அதுவும் நல்ல மனசோடு.

மதியம் பன்னிரண்டு நாற்பது டிரிப்தான் விஷயம். தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்பில் கிளம்பி, பெரிய ஆஸ்பத்திரி வழியாக மார்க்கெட் போகும். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். கண்ணைக் காட்டப் போகிறவர்கள், மாத்திரை வாங்கப் போகிறவர்கள், வார்டில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள். அதில் ரைட்டுவின் அக்காவும் ஒருத்தி. அவள் கணவர் பக்கவாதம் வந்து எட்டு வருஷமாக அங்கேதான் கிடக்கிறார். பார்வையாளர் நேரம் ஒன்றிலிருந்து இரண்டு வரை. நர்ஸ் ஊட்டினால் மனுஷர் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அக்கா கை பட்டால்தான் ஒரு வாய் உள்ளே இறங்கும். ஆக, அந்த பஸ் வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு.

அறுபது தாண்டியவர்கள் வயசு அட்டையைக் காட்டினால் பஸ் இலவசம். ஆனால் கண்டக்டர் அவர்களைச் சும்மா உட்காரவைக்கக் கூடாது. பூஜ்ய டிக்கெட் என்று வெளிர்மஞ்சளில் ஒரு கட்டு தனியாக உண்டு. தலைக்கு ஒன்று கிழித்துக் கையில் கொடுக்க வேண்டும். கிழித்த ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அரசாங்கம் பஸ் நிர்வாகத்துக்குப் பாதிக் கட்டணம் தரும். இதையெல்லாம் சர்க்குலரில் போட்டு, படித்தேன் என்று எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கினார்கள். ரைட்டுவும் போட்டார். படித்துவிட்டா போட்டார் என்று கேட்காதீர்கள். சர்க்குலரைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட மகான் எந்த டெப்போவில் இருக்கிறான்?

காசில்லாத டிக்கெட் வெட்டி வேலை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நடுங்கும் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களிடம், அட்டையை எடு, டிக்கெட்டைப் பிடி என்று எதற்குப் படுத்த வேண்டும்?

“உட்காருங்கம்மா, உங்களுக்கெல்லாம் எதுக்கு டிக்கெட்டு? நம்ம பஸ்ஸு!” என்பார்.

“நல்லா இருப்பா” என்று பத்துப் பதினைந்து வாய்கள் ஒன்றாக வாழ்த்தும். மதிய வெயிலில் செக்கர் எவரும் ஏறுவதில்லை. மஞ்சள் கட்டு பையின் அடியில் அப்படியே கிடந்தது.

பஸ்கள் நகரசபைக்குச் சொந்தமானவை. டீசலுக்கும் சம்பளத்துக்கும் கட்டுப்படியாகவில்லை என்று, ரூட்டுகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட ஒரு வருஷம் முடிவு செய்தார்கள். எடுக்கிற முதலாளிக்கு ஒரு சலுகை இருந்தது. சராசரியாகப் பத்துப் பேர்கூட ஏறாத டிரிப்பை அவர் ஓட்ட வேண்டியதில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று டெப்போ சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அக்கா இருபது பேரைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மேனேஜர் அறையில் இருந்தது ஆறு நாற்காலி. மீதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார்.

“பஸ் நிறைஞ்சு போகுதுன்னு சொல்றீங்கம்மா. கிழிச்ச டிக்கெட்டை எண்ணிப் போட்ட டிரிப் ஷீட்ல சராசரி நாலு பேர்னு இருக்கே?”

“ஷீட்டு கிடக்கட்டும் சார். அதோ நிக்கிறானே, அவன்தான் கண்டக்டர். என் கூடப் பிறந்தவன், பொய் சொல்ல மாட்டான். டேய் தம்பி, சொல்லுடா.”

அதிகாரி திரும்பினார். “சொல்லுங்க. ஆள் இருந்தாங்களா? இருந்தாங்கன்னா டிக்கெட் எங்கே?”

அந்தக் கேள்வியில்தான் அவருக்கு எல்லாம் புரிந்தது. ஓய்வு பெற ஏழு மாசம் இருந்தது. ஆளை ஏற்றி டிக்கெட் கொடுக்கவில்லை என்று சொன்னால் அன்றைக்கே சஸ்பெண்ட், பென்ஷனும் கேள்விக்குறி. சொல்லாவிட்டால் பஸ் போய்விடும். தொண்டை கிழியக் கத்திப் பேர் வாங்கிய மனுஷருக்குக் குரல் எழும்பவில்லை.

“ஷீட்ல இருக்கிறதுதான் சார்” என்றார்.

வெளியே வந்ததும் மற்றவர்கள் முணுமுணுக்க, அக்காவே தம்பிக்காகப் பரிந்து பேசினாள். “பாவம், மேலதிகாரி முன்னாடி அவன் என்ன பேசுவான்? அவனும் சம்பளத்துக்கு இருக்கிறவன்தானே.” ஜன்னல் வழியாக அது அவர் காதில் விழுந்தது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. போகவில்லை.

மறுமாசமே புது முதலாளியின் நீலநிற பஸ் வந்தது. பன்னிரண்டு நாற்பது நின்றுபோனது. காலையில் ஏழு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஐந்துக்கு ஒன்று. அக்கா ஏழு மணி பஸ்ஸில் போய், வார்டு வாசலில் சிமென்ட் படியில் ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். இரண்டு மாசத்தில் முழங்கால் வீங்கி, தினசரி போனவள் வாரத்துக்கு மூன்று நாள் என்றானாள். மற்ற நாட்களில் அவள் கணவர் வாயைத் திறக்கவில்லை. ஆள் இளைத்துத் துரும்பானார். கடைசியில் மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள்.

வேறு ரூட்டுக்கு மாற்றப்பட்ட ரைட்டு, அங்கேயே சர்வீஸை முடித்தார். கறை படியாத சேவை என்று மேனேஜர் சால்வை போர்த்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப வர்றவன் அட்டையைக் காட்டு, டிக்கெட்டைப் பிடின்னு உயிரை வாங்குறான்டா. எங்களையெல்லாம் மனுஷங்களா நடத்தினது நீ ஒருத்தன்தான்.”

அதற்குமேல் அவருக்குத் தாங்கவில்லை. புதுக் கண்டக்டர் ஏன் விடாமல் கிழிக்கிறான் என்பதில் ஆரம்பித்து, பாதிக் கட்டணம், மஞ்சள் கட்டு, அன்றைக்கு மேனேஜர் அறையில் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“அன்னைக்கு நான் வாயைத் திறந்திருந்தா பஸ் தப்பிச்சிருக்கும்க்கா. என் பென்ஷன் போயிருக்கும், அவ்வளவுதான்.”

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் தைலப் புட்டியை மூடிக்கொண்டே யோசித்தாள்.

“ஒண்ணுகூடக் கிழிக்கலையா? ஒரு நாளுக்குக்கூட?”

“இல்லக்கா.”

“அப்ப அவங்க கணக்குல நான் அந்த பஸ்ல ஏறவே இல்லை” என்றாள் அக்கா. “எட்டு வருஷமா உன் மாமாவைப் பார்க்கப் போகவே இல்லை.”