பிஸ்கட் மெஷின் டிஸ்ப்ளேயும் ஒரு எலுமிச்சம்பழமும்

போன வருடம் ஆடி மாதம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியில் நடந்தது இது. எளாவூர்ப் பக்கத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் போய் வருகிறேன். வண்டி சீட்டுக்கு அடியில் வரும் இரும்புப் பட்டைகளை வளைக்கும் பிரஸ் மெஷினில் நான் ஆபரேட்டர். பொம்பளை பிரஸ் ஓட்டுகிறாளா என்று வாயைப் பிளப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஓட்டுகிறேன், நன்றாகவே ஓட்டுகிறேன்.

அந்த மெஷினில் கீழே ஓர் அச்சு இருக்கும். அதில் தகட்டை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள பட்டன்களை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கும் கனமான இரும்புப் பாளம் இறங்கும். ஒரு கையை எடுத்தாலும் இறங்காது. ஆகவே, என் கை உள்ளே இருக்கும்போது அது இறங்கவே முடியாது. இந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடமாக அதற்குள் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தேன்.

மெஷினின் பக்கவாட்டில், செல்போன் மாதிரித் தொட்டு இயக்கும் ஒரு டிஸ்ப்ளே உண்டு. ஒருநாள் அது செத்துப்போனது. புதுசு வரப் பல வாரம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். இங்கே ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. முதலாளி எங்கெங்கோ அலைந்து, பழைய மெஷின் சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து ஒரு டிஸ்ப்ளேயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

“அதே கம்பெனி, அதே சைஸு, பின்னாடி சொருவுற ஒயருகூட அதேதான். எல்லாத்தியும் பாத்துத்தான் எடுத்தாந்தேன்” என்றார்.

மெயின்டனன்ஸ் பார்ப்பவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதை எடுத்துப் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கரெண்டு கொடுத்ததும் பளிச்சென்று எரிந்தது. பார்த்தால், திரையில் ஏலக்காய், ஆரஞ்சு, சாக்லேட் என்று வரிசையாகப் படங்கள்!

“இன்னாண்ணே இது, நம்ம மெஷினு பிஸ்கட்டு சுடப் போவுதா?” என்று கேட்டேன்.

அண்ணன் சிரித்தார். “முன்ன பிஸ்கட் கம்பெனில இருந்துருக்கும்மா. நம்ம மெஷினோட பேசுதா இல்லியான்னு மொதல்ல பாத்துக்கறேன். அப்பால அதெல்லாம் அழிச்சிட்டு நம்மளுத ஏத்திக்கலாம்.”

“சாக்லேட்டு வந்தா எனக்கு ரெண்டு பாக்கெட்டு” என்றார் முதலாளி. எல்லாருமே சிரித்தோம். எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒருவருக்குமே தெரியவில்லை.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுபோல, பெரிய ரிப்பேர் ஏதாவது முடிந்தால் பிரஸ்ஸின் முதல் அடி எலுமிச்சம்பழத்தின் மேல்தான் விழ வேண்டும். பழம் வைப்பது ஆபரேட்டரின் உரிமை, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முதலாளி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். மோட்டார் ஓடவில்லை, சத்தமே இல்லை. மெஷின் தூங்குகிறது என்று நினைத்தேன். பக்கவாட்டில் டிஸ்ப்ளேயை நோண்டிக்கொண்டிருந்த அண்ணனுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

குங்குமத்தை அப்பிய பழத்தை அச்சின் நடுவில் வைத்தேன். உருண்டது. பிடித்து மறுபடியும் நிறுத்தினேன். கையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, மேலே இருந்த பாளம் இறங்கியது.

ஒரு சத்தம்தான். முகத்தில் ஏதோ தெறித்தது. என் வலது கையைப் பார்த்தேன், மணிக்கட்டு வரை சிவப்பு. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வலி கொஞ்சமும் இல்லை. அடிபட்ட உடனே வலி தெரியாது என்று விரலை இழந்த ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்போதுதான் மூக்கில் எலுமிச்சம்பழ வாசனை ஏறியது.

கண்ணைத் திறந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. கையில் இருந்தது குங்குமம் கரைந்த பழச்சாறு. முதலாளி தட்டைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். கற்பூரம் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. மெஷினைச் சுற்றி ஓடிவந்த அண்ணன் என் கையைப் பார்த்ததும் சிலையாகிவிட்டார்.

“நான் லைட்டத்தான்மா தொட்டேன். பல்பு படம் போட்டிருந்துச்சு, எரியுதான்னு பாத்தேன்” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “யோவ், எங்கையி உள்ள இருக்குதுய்யா! இது போச்சின்னா எம்பொண்ண எவன் வந்து காப்பாத்துவான்? நீ லைட்டு போட்டு வெளாடிக்கினு இருக்கிறியா?” என்று கத்தினேன். அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதே இல்லை. அவர் என் கையை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் தேம்பித் தேம்பி அழுதார்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. திரையில் தெரியும் பெயரும் படமும் நமக்குத்தான்; மெஷினுக்குப் போவது வெறும் ஓர் எண். பிஸ்கட் மெஷினில் விளக்கைப் போட்ட அதே எண், எங்கள் மெஷினில் பாளத்தை இறக்கும் எண்ணாக இருந்திருக்கிறது. சோதித்துப் பார்ப்பதற்காக மெஷினை, அச்சு மாற்றும்போது மட்டும் வைக்கும் நிலையில் அண்ணன் வைத்திருந்தார். அந்த நிலையில் என் இரண்டு பட்டன்களுக்கும் வேலையில்லை. மோட்டார் ஓடாவிட்டாலும், பாளத்தை மேலே தாங்கி நிற்கும் எண்ணெய்க்கு வழி திறந்ததும் பாளம் தன் எடையிலேயே இறங்கிவிடும். என் நம்பிக்கையின் லட்சணம் அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தேன். எத்தனை முறை சோப்புப் போட்டும் விரலில் அந்த வாசனை போகவில்லை. பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். “இன்னாம்மா, சாப்புடாம கையையே பாத்துக்கினு இருக்கிற?” என்று மகள் கேட்டாள். பசியில்லை என்று சொல்லிவிட்டேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது மெயின் சுவிட்சை நானே அணைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் மெஷினுக்குள் கையை விடுகிறேன். ரொம்பத்தான் பயந்துபோய்ட்டே என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள். பண்ணட்டும். காலையில் மகளுக்குத் தலை பின்னும்போது சில நாள் என் விரல்கள் தானாக நின்றுவிடுகின்றன. இது நான் கவனமாக இருந்து காப்பாற்றிக்கொண்ட கை இல்லை, சும்மா தப்பித்த கை என்பது அப்போது நெஞ்சில் உறைக்கிறது.