கண்மணி கேட்ட சம்மதம்

செம்பனை மரத்தடியில் குனிந்துவிட்டால் கண்மணிக்குப் பாட்டு வந்துவிடும். கழுத்தில் கயிறு கட்டி இழுத்தாலும் சுருதிக்குள் வராத குரல். எண்ணெய்க்குப் போகும் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக் கோணியில் போட்டபடி, இயேசுவைப் பற்றிய நாலு வரியையே நாள் முழுக்கப் பாடுவார். கூட வேலை செய்யும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். "கேக்க வேண்டியவருக்குக் கேட்டாப் போதும் லா" என்பார், நிமிராமலே.

புக்கிட் ரோத்தான் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அவர் வீட்டுக்கு அடுத்த வீடு எனது. பள்ளி வேன் ஓட்டுகிறேன். திருவிழாவுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற ஆள் நான். சாமி விஷயத்தில் யாருக்கும் நியாயம் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அவர் கணவர் தனபாலன் அப்படியில்லை. மாரியம்மன் கோயில் தலைவராக இருந்தவர். அவர் குரல் கொடுத்தால்தான் ரதம் நகரும். சில வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் ஒன்றாகப் போயின. முதலில் மருத்துவமனைக்கு ஊரே வந்தது. பிறகு அவருடைய தம்பி சோமுகூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த ஒரு கிறிஸ்தவப் பெண்தான் கண்மணிக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்தாராம். "எனக்காக ஒருத்தவங்க அழுது அன்னைக்குத்தாண்ணே பாத்தேன்" என்று என்னிடம் சொன்னார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் கடைவீட்டு மாடியிலுள்ள சபைக்குப் போகிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷன் படுத்ததும் சாமியை மாற்றிக்கொண்டாள் என்றார்கள். சபையிலும் முணுமுணுப்பு உண்டு, வெள்ளிக்கிழமைகளில் தனபாலனின் முருகன் படத்தைத் துடைத்துப் பூ வைக்கிறாரே என்று. "அவரு கை வராததுக்கு என் கை செய்யுது. அது அவரோட சாமி" என்று போதகர் ஜீவனிடமே சொல்லிவிட்டார்.

இத்தனை ஜெபித்தும் தனபாலன் எழுந்து நடக்கவில்லையே என்று ஒருமுறை கேட்டேன். கோணியின் வாயை முறுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "நடக்கலண்ணே. ஆனா அப்பல்லாம் என் கண்ணு களைக்கு அடிக்கிற புல்லு மருந்து டின்னு மேலதான் போவும். இப்பப் போறதில்ல."

ஞானஸ்நானம் மட்டும் எடுக்காமலிருந்தார். அதற்குக் கணவர் சம்மதிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தலையையாவது அசைப்பார் என்று, சாயங்காலம் அவரைக் குளிப்பாட்டி உட்காரவைத்துவிட்டுக் கேட்பார். தனபாலன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கண்மணி கோபப்பட்டதில்லை, கஞ்சியை ஊட்டி முடித்து, அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வருவார். தனக்கு மட்டும் ஆறுதல் தேடிக்கொண்டு அவரைத் தனியே விட்டுப் போகிறோமோ என்பதுதான் உள்ளே அரித்தது.

போன ஞாயிறு ஜெராம் கடலில் சபையார் சிலருக்கு ஞானஸ்நானம். நீர் வற்றினால் அங்கே சேறுதான் என்பதால், கடல் நீர் ஏறும் நேரம் பார்த்துக் காலையிலேயே வைத்திருந்தார்கள். கண்மணியையும் கூப்பிட்டிருந்தார்கள், அவர் அதுவரை பதில் சொல்லியிருக்கவில்லை. போவதானால் கொண்டுபோய்விட, நான் வேனை வாசலில் நிறுத்தினேன். தனபாலனுக்குத் துணையிருக்க வந்த என் மனைவியோடு உள்ளே போனால், வெள்ளைச் சேலையில் கண்மணி, சக்கர நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார்.

"ஏங்க, கடல்ல முங்கி எந்திரிக்கணும். நீங்க வேணாம்னா போவல. முங்கினாலும் ஒங்கள விட்டுட்டு எங்கயும் போவல."

தனபாலன் வழக்கம்போல் சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்மணி எழுந்து, மாற்றுத் துணி வைத்திருந்த பையைத் திரும்ப ஆணியில் மாட்டப் போனார். அப்போது தனபாலனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பினோம். தோளில் கிடந்த துண்டை இடக்கையால் இழுத்து உருவி, மடியில் போட்டு, அந்த ஒற்றைக் கையாலேயே தட்டித் தட்டி மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததும், தலை துவட்ட, அதைக் கண்மணியிடம் நீட்டினார்.