தோற்றுப்போக ஒரு கோச்சிங்

"அங்கிள், இன்டர்வியூவுல தோத்துப் போறது எப்படி?"

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, எதிர் ஃபிளாட் ஷீபா வந்து இப்படிக் கேட்டபோது, காபியை வேட்டியில் ஊற்றிக்கொண்டேன். ஜெயிப்பது எப்படி என்று கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசல் புத்தகக் கடையில் பாதி அலமாரி அதற்குத்தான். தோற்பது எப்படி என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? அந்தத் துறையில் அனுபவசாலி என்று சேலையூர் முழுக்கத் தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள். பெருமையாகத்தான் இருந்தது.

ஷீபாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் எத்தனையோ இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஒன்றில், இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் கடைசி வருடம். அப்பா சாமுவேல் சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இந்த நாலு வருடத்தில் அவர் வகுப்பில் கணக்கை விளக்கியதைவிட, வெளியில் மகளின் படிப்பை விளக்கியதுதான் அதிகம்.

"இண்டஸ்ட்ரியலா? ஐ.டி.ஐ. மாதிரியா சார்?"

"இல்ல சார். மெக்கானிக்கல் மாதிரி... ஆனா கையில கிரீஸ் ஒட்டாது."

இதுதான் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த சுருக்கமான விளக்கம். உண்மையில் அது என்ன படிப்பு? ஒரு வேலையை எப்படிச் செய்தால் நேரம் வீணாகாது, பொருள் வீணாகாது, செய்கிறவன் முதுகு ஒடியாது என்று யோசிக்கிற படிப்பு. நம் ஊரில் இதற்கு மரியாதை இல்லாததில் என்ன ஆச்சரியம்?

படித்ததை அவள் ஒருமுறை சர்ச்சில் செயல்படுத்திக் காட்டினாள். கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன சர்ச். அறுப்பின் பண்டிகை அன்று மத்தியான சாப்பாட்டுக்கு வழக்கமாக ஒரு நீண்ட வரிசை நிற்கும். ஷீபா அதை இரண்டாகப் பிரித்தாள். தட்டை ஒரு பக்கம் வைத்தாள், தயிர் பச்சடியை இன்னொரு பக்கம் நகர்த்தினாள். பிரியாணி விறுவிறு என்று பரிமாறப்பட்டு, எல்லோரும் சீக்கிரமே கை கழுவிவிட்டார்கள். ஒருவராவது பாராட்ட வேண்டுமே? பெண்கள் ஐக்கிய சங்கம் மொத்தமும் அவள் மேல் கோபம்! ஏனென்றால் யார் வீட்டில் பையன் இருக்கிறான், யார் வீட்டுப் பெண்ணுக்கு வயதாகிறது என்ற விசாரணை எல்லாம் அந்த வரிசையில்தான் நடக்கும். வரிசை என்பது பிரியாணிக்காக என்று அவள் தப்புக்கணக்குப் போட்டுவிட்டாள்.

இருக்கட்டும். தோற்பதற்கு என்ன அவசியம் வந்தது?

"கேம்பஸுக்கு முதல்ல வர்றது சாஃப்ட்வேர் கம்பெனி அங்கிள். ஃபைனல் இயர் எல்லாரும் கண்டிப்பா இன்டர்வியூவுல உட்காரணும். உட்காரலைன்னா அப்புறம் எந்த கம்பெனிக்கும் அனுப்ப மாட்டாங்க."

"சரி, உட்கார வேண்டியதுதானே?"

"செலக்ட் ஆயிட்டாலும் வேற கம்பெனிக்கு அனுப்ப மாட்டாங்க. ஒருத்தருக்கு ஒரு வேலைதான், அது ரூல். எனக்கு வேணும்கிறது ஜனவரியில வர்ற ஃபேக்டரி."

இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். போகாவிட்டாலும் கதவு மூடிவிடும், போய் ஜெயித்தாலும் மூடிவிடும். அதைத் திறந்து வைக்க ஒரே வழி — போய், நியாயமாக, கௌரவமாகத் தோற்க வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவானுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும். ஃபேக்டரி என்று அவள் சொன்னது மறைமலை நகர்ப் பக்கம் காருக்கு பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலை. மூன்றாம் வருடத்தில் அங்கே சில வாரம் பயிற்சிக்குப் போயிருந்தாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பா ஆல்ரெடி சர்ச்சில ஜெபக் குறிப்பு கொடுத்துட்டார் அங்கிள். 'ஷீபாவுக்கு நல்ல சாஃப்ட்வேர் வேலை கிடைக்க.' மொத்த சபையும் ஜெபிக்குது. நான் மட்டும்தான் எதிர்க்கட்சி."

அன்றைக்கே பால்கனியில் கோச்சிங் தொடங்கியது. ரொம்ப யோசிக்காதே, லேட்டாகப் போ, கொட்டாவி விடு என்று என் அனுபவத்தைப் பிழிந்து கொடுத்தேன். "உன்னைப் பற்றிச் சொல்லு" என்றேன். அவ்வளவுதான்... முதுகு நிமிர்ந்தது, முகத்தில் ஒரு புன்னகை வந்தது, "ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கர், டீம் பிளேயர்" என்று இங்கிலீஷ் குழாய் திறந்துகொண்டது. காலேஜில் ஒரு வருடமாகப் பிளேஸ்மென்ட் டிரெயினிங் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். உன் பலவீனம் என்ன என்று கேட்டால், "எந்த வேலையையும் பர்ஃபெக்டா முடிக்காம விட மாட்டேன்." மறைமலை நகரிலிருந்து மீனம்பாக்கம் வரை போன வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே பலவீனம்தான்.

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"பொய் சொல்லித் தோக்க எனக்கு வரலை அங்கிள். உண்மையைச் சொல்லிடறேன். உண்மை சொன்னா யாரும் வேலை கொடுக்க மாட்டாங்கல்ல?"

நியாயமான நம்பிக்கை. நானும் ஆமோதித்தேன்.

இன்டர்வியூ நடந்தது. புரோகிராம் எழுதச் சொன்னார்களாம். "தெரியாது சார்" என்றாளாம். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற கேண்டிடேட்டை இன்னிக்குத்தான் பார்க்கறேன், குட்" என்று டிக் அடித்தாராம் அந்த மகானுபாவர். அடுத்த அறையில், அஞ்சு வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்கள். "ஒரு ஃபேக்டரியில" என்றாள். எங்கள் கிளையன்ட் பாதிப் பேர் ஃபேக்டரிதான், சூப்பர் என்றார்கள். நீங்கள் தோற்றுப்போன அனுபவம் ஏதாவது? பிரியாணி வரிசையைச் சொன்னாள். கேள்வி கேட்ட அம்மணி விழுந்து விழுந்து சிரித்து, பக்கத்து அறை ஆளையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டிடங்களைக் கட்டி முடித்துவிட்டு, உட்கார வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. தூண் ஒன்று நடந்து போயிருந்தாலும் செலக்ட் ஆகியிருக்கும்.

சாமுவேல் சார் அன்றைக்குச் செய்த ஆர்ப்பாட்டத்தைச் சொல்லி மாளாது. லட்டு டப்பாவோடு ஃபிளாட் ஃபிளாட்டாக ஏறி இறங்கினார். வாட்ச்மேனுக்கு இரண்டு லட்டு. "இனிமே யாரும் ஐ.டி.ஐ.யான்னு கேக்க மாட்டாங்க சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஷீபா நின்றுகொண்டிருந்தாள். லட்டைக் கையிலேயே வைத்திருந்தாள், சாப்பிடவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் அவள் பிளேஸ்மென்ட் ஆபீசரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். ஆஃபரை விட்டுக்கொடுக்கிறேன், ஃபேக்டரிக்கு உட்கார விடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஊரில் அவனவன் வேலை கிடைக்காமல் அலைகிறான், உனக்குக் கிடைத்தது கசக்கிறதா என்று திட்டிவிட்டு, "ரூல்னா ரூல்தான்மா" என்று அனுப்பிவிட்டார். இதில் ஒரு கூடுதல் சங்கடம், அந்த ஆபீசரும் சேலையூர்வாசி. அதே சர்ச்.

அடுத்த ஞாயிறு ஷீபா சபை முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். வேண்டியது கிடைத்துவிட்டால் முன்னால் போய், கடவுள் எனக்கு இன்னது செய்தார் என்று மைக்கில் சொல்வது அங்கே வழக்கம். "நீங்க அவசியம் வரணும் சார், பிரியாணி இருக்கு" என்று சாமுவேல் சார் அழைத்தார். சாட்சி கேட்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீபா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு சாஃப்ட்வேர் வேலை கிடைக்கணும்னு நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்க. கிடைச்சிடுச்சு. ஆனா... சாட்சின்னா உண்மையைச் சொல்லணும்னு பாஸ்டர் சொல்லியிருக்கார். நான் கிடைக்கக் கூடாதுன்னுதான் ஜெபிச்சேன்."

விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. சாமுவேல் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"போன வருஷம் டிரெயினிங் போன ஃபேக்டரியில ஒரு அக்கா, கீழ இருக்கிற டப்பாவுல இருந்து ஒவ்வொரு பீஸா குனிஞ்சு குனிஞ்சு எடுப்பாங்க. சாயங்காலம் நேரா நிக்கவே முடியாது. அந்த டப்பாவை ஒரு ஸ்டூல் மேல வைக்கலாம்னு நான் எழுதிக் கொடுத்தேன். வச்சாங்க. அவ்வளவுதான் நான் பண்ணது. கடைசி நாள் அந்த அக்கா பஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்து, 'இப்பல்லாம் வூட்டுக்குப் போயி புள்ளையத் தூக்க முடியுது'ன்னாங்க. எனக்கு அந்த வேலைதான் வேணும். இந்த வேலையை விட்டுட்டு அதுக்கு உட்கார காலேஜ்ல அனுமதி கிடைக்கணும்னு, தயவு செஞ்சு எனக்காக ஜெபிச்சுக்குங்க."

வந்து உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! கேட்ட ஜெபத்தைச் செய்யாமல் விட முடியாது. செய்தால் சாமுவேல் சாருக்கு எதிராகச் செய்த மாதிரி ஆகும். இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, "அதிகாரத்தில் இருக்கிறவர்களுடைய இருதயத்தை இளகப் பண்ணும் ஆண்டவரே" என்று பொதுவாக ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையில் அதிகாரத்தில் இருக்கிறவர் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. அவரும் சொன்னார். சொல்லாமல் இருந்தால் பக்கத்து சீட் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே?

அன்றைக்குச் சாமுவேல் சார் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலேஜிலிருந்து பதில் வந்தது. கிடைத்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் உட்காரலாம், ஆனால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஃபேக்டரி கிடைக்காவிட்டால் கல்லூரி பொறுப்பல்ல. அதாவது இரண்டும் போய், வெறும் கையோடு நிற்கிற வாய்ப்புதான் அதிகம்.

சாயங்காலம் சாமுவேல் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்தத் தாள் மேஜை மேல் கிடந்தது. இலவச ஆலோசனையில் நான் சளைத்தவனில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததோடு சரி.

"ரெண்டும் போச்சுன்னா என்ன பண்ணுவ?" என்று மகளிடம் கேட்டார்.

"தேடுவேன்பா."

"அந்த அக்கா, ஸ்டூல்... இதெல்லாம் ஏன் என்கிட்ட சொல்லலை? ஊரோட சேர்ந்து நானும் மைக்குல கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?"

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

நாலு வருடமாக ஊருக்கெல்லாம் இவள் படிப்பை விளக்கிக்கொண்டிருந்த மனிதர், ஏன் பிடித்திருக்கிறது என்று அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் கோச்சிங் கொடுத்த லட்சணத்துக்கு நானும் கேட்கவில்லை. சாமுவேல் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டார். அழகான கணக்கு வாத்தியார் கையெழுத்து, அன்றைக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

ஜனவரி வரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசிக் கேட்கவில்லை. உறவினர்கள் போனில் துக்கம் விசாரித்தார்கள். ஃபேக்டரி இன்டர்வியூவில் பெரிய அதிகாரி ஒருவர், "மெஷின் ஓடற ஷாப் ஃபுளோர்ல லேடி இன்ஜினியரே கிடையாதேம்மா, ஷிஃப்டெல்லாம் பார்ப்பியா?" என்று கேட்டாராம். "பார்ப்பேன் சார். அந்த ஸ்டூல் இன்னும் இருக்கா?" என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்களாம். ஸ்டூல் இருந்தது. பக்கத்து மெஷின்களுக்கும் வைத்திருந்தார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. இந்த முறை லட்டு வரவில்லை. கேக் வந்தது, ஷீபாவே கொண்டுவந்தாள்.

இதைச் சொல்ல வந்ததே போன வாரம் நடந்த ஒன்றினால்தான். திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். முன்பக்கம் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ போட்டால்தான் உள்ளே விடுவார்கள். கம்பெனி கொடுப்பதெல்லாம் ஆம்பிளை அளவு. வெளியில் வாங்கித் தருகிறேன் என்று சாமுவேல் சார் கிளம்பினார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். தாம்பரம் மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையாக ஏறினோம்.

"பையனுக்கு இன்னா சைஸ் சார்?"

"பையன் இல்லப்பா, என் பொண்ணுக்கு. இன்ஜினியர்."

"லேடீஸுக்கா? அந்த அய்ட்டமே வர்றதில்ல சார். இத்தயே எடுத்துக்கினு போ, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கச் சொல்லு."

எந்தக் கடையிலும் இதே பதில்தான். கடைசிக் கடையை விட்டு இறங்கும்போது அந்தச் சாதுவான மனிதருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. நடுரோட்டில் நின்று கையை ஆட்டிக் கத்தினார்.

"இத்தனை ஃபேக்டரி இருக்கிற ஊர்ல என் பொண்ணு கால் அளவுக்கு ஒரு ஷூ இல்லையா? அப்ப பொண்ணுங்க யாரும் வர மாட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டாங்களா? நீங்கல்லாம் பத்திரிகையில என்னத்தை சார் எழுதறீங்க வாரா வாரம்? இதை எழுதுங்க சார் முதல்ல!"

எழுதிவிட்டேன், சார்.